முடங்கிய வைப்பும் மூடிய கணக்கும்: ஒரு தாயின் இரண்டு வங்கிக் கணக்குகளில் பணம் திரும்ப வந்த விவரம்

இறந்துபோன தாயின் பேரில் இருந்த இரண்டு பழைய கணக்குகளிலிருந்து பிள்ளைகள் மூன்று பேர் பணம் திரும்பப் பெற்ற விவரம் இது. மனு எழுதிக் கொடுப்பது, தேவைப்பட்டால் கிளைக்குக் கூடப் போவது என்று தொடக்கத்திலிருந்து நான் உடன் இருந்தேன், அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், வங்கி எதையும் சொல்லவில்லை. ஒரு கணக்கில் முழுப் பணமும் வட்டியோடு வந்தது, இன்னொன்றில் வங்கி பிடித்த கட்டணத்தில், வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், பாதிகூட வரவில்லை. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே தாள்கள், ஒரே வருடம். அப்படியும் முடிவு ஏன் இவ்வளவு மாறியது என்று புரிந்தால் இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

பின்னணி

அந்த அம்மா தமிழ்நாட்டில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2013 ஜனவரியில் இறந்தார். கணவர் 2015-இல் இறந்தார். மூத்த மகள், மகன், இளைய மகள் என்று மூன்று பேர், மூவரும் வெவ்வேறு ஊரில். 2024-இல் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது தகரப்பெட்டியின் அடியில் ரேஷன் கார்டு, சர்வீஸ் தாள்கள் இவற்றோடு ஒரு எஃப்டி (நிரந்தர வைப்பு) ரசீதும் ஒரு பாஸ்புக்கும் கிடைத்தன.

எஃப்டி ஒரு அரசு வங்கியில், 2008 ஆகஸ்டில் 60,000 ரூபாய்க்குப் போட்டது. மூன்று வருடம், 9 சதவீதம், முதிர்வுத் தொகை 78,363 என்று ரசீதிலேயே அச்சாகியிருந்தது. தானாகப் புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. 2011-இல் முதிர்ந்த பிறகு அம்மா ஏன் எடுக்கவில்லை என்று கேட்க இப்போது ஆள் இல்லை. நாமினி கணவர், அவரும் இல்லை.

பாஸ்புக் ஒரு தனியார் வங்கியின் சேமிப்புக் கணக்கு. இளைய மகள் வெளியூரில் படித்தபோது பணம் அனுப்புவதற்காகத் திறந்தது. கடைசியாக அச்சிட்ட வரி 2012 ஆகஸ்டில் ஏடிஎம்மில் எடுத்தது. அதன்பின் இருப்பு 8,380 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு 10,000 வைத்திருக்க வேண்டிய கணக்கு அது, நாமினி யாரும் பதிவாகவில்லை.

முதலில் தெரிய வந்தவை

மகன் நேராக அரசு வங்கிக் கிளைக்குப் போனார். ரசீதில் இருக்கும் வங்கியே இப்போது இல்லை, 2020 ஏப்ரல் 1 இணைப்பில் வேறொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் இருந்தவர் ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு “சிஸ்டத்தில் வரலையே சார்” என்று திருப்பிக் கொடுத்தார். தனியார் வங்கியில் “இந்த அக்கவுண்ட் குளோஸ் ஆகிவிட்டது, பழைய ரெக்கார்டு எதுவும் எங்களிடம் இல்லை” என்றார்கள். இரண்டு பதிலும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும், ஆனால் விஷயம் முற்றிலும் வேறு. அந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் இரண்டு வருடத்துக்கு மேல் எதுவும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. பத்து வருடம் கடந்தும் யாரும் கேட்காவிட்டால், எஃப்டி என்றால் முதிர்ந்த நாளிலிருந்து பத்து வருடம், அந்தத் தொகையை வங்கி ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். 2014-இல் வந்த ஏற்பாடு இது. மாறிய பிறகும் பணம் வைப்பாளருக்கோ வாரிசுக்கோ உரியதுதான், கேட்பதற்குக் காலக்கெடு கிடையாது, கேட்க வேண்டியதும் அதே வங்கியிடம்தான். வங்கி முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும்.

மூடிய கணக்கு இதில் எங்கும் வராது. வங்கியே கட்டணம் பிடித்துப் பிடித்து இருப்பைப் பூஜ்யமாக்கி மூடியிருந்தால் நிதிக்குப் போக அங்கே பணமே இல்லை. கேட்பாரற்ற வைப்புகளைத் தேடும் ரிசர்வ் வங்கித் தளத்திலும் வராது. அப்படிப்பட்ட கணக்கில் நாம் கேட்பது பிடித்த கட்டணத்தை, அதற்கு வேறு வாதம், வேறு ஆதாரம், வேறு வழி.

மூவரும் உட்கார்ந்து பேசியபோது முதலில் முடிவு செய்தது, இரண்டையும் தனித்தனிக் கோப்பாக நடத்துவது. ஒரே மனுவில் இரண்டு வங்கிக் கதையையும் எழுதி எங்கெங்கோ அனுப்பும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதைப் படிக்கிற அதிகாரிக்கு எது தன் வங்கியின் பாடு என்றே புரிவதில்லை.

எஃப்டியைத் தேடியது

கேட்பாரற்ற வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்த உத்கம் தளத்தில் தேடினோம். மொபைல் எண்ணில் பதிந்துகொண்டு, வைப்பாளர் பெயரைப் போட்டு, வங்கியைத் தேர்ந்தெடுத்து, கூடவே பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி இவற்றில் ஏதாவது ஒன்றையாவது கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டில் இருந்த பெயரைப் போட்டோம், ஒன்றும் வரவில்லை. பழைய வங்கியின் பெயரைத் தேடினால் பட்டியலிலேயே இல்லை, இணைத்துக்கொண்ட வங்கியைத் தேர்ந்தெடுத்தோம், அப்போதும் இல்லை.

விடை சர்வீஸ் தாளில் இருந்தது. ரேஷன் கார்டில் அம்மாவுக்குக் கணவர் இனிஷியல். வேலையில் சேரும்போது பள்ளிச் சான்றிதழ்படி தகப்பனார் இனிஷியல், அது கடைசிவரை மாறவே இல்லை, வங்கியிலும் அந்தப் பெயர்தான். போதாக்குறைக்குப் பெயரின் நடுவில் வரும் ‘த’வுக்கு ஒரு தாளில் ஆங்கிலத்தில் டி மட்டும், இன்னொன்றில் டிஎச். ரசீதைப் பார்த்தே தட்டியிருக்கலாமே என்று தோன்றும், ஆனால் ரசீதில் இனிஷியல் இருந்த இடம் மடிப்பில் நைந்து அழிந்திருந்தது. தகப்பனார் இனிஷியல், டிஎச், சர்வீஸ் தாளில் இருந்த பிறந்த தேதி மூன்றையும் சேர்த்துப் போட்டதும் ஒரு வரி வந்தது, அதில் ஒரு யுடிஆர்என் எண், அந்த வைப்புக்கான அடையாள எண். தொகையை அந்தத் தளம் காட்டாது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கிளைக்குப் போனால் போதும், “சிஸ்டத்தில் வரலை” என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும். நின்றது.

நம்மூரில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்களின் இனிஷியல் மாறுவதால் தாயின் கணக்கைத் தேடும்போது குறைந்தது இரண்டு பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தந்தையின் கணக்கில் இந்தப் பாடு குறைவு.

வாரிசுத் தாள்களும் கையெழுத்துத் தகராறும்

கிளையில் கேட்டது: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூவரின் கேஒய்சி, அசல் ரசீது, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி. இதெல்லாம் நியாயம். நாமினியும் இறந்துவிட்டதால் நாமினியே இல்லாத கணக்குபோல்தான் நடத்த வேண்டும், அதுவும் சரி. அம்மா இறந்தபோது அப்பா உயிரோடு இருந்ததால் அவரும் ஒரு வாரிசு, ஆகவே அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று தாசில்தாரிடமிருந்து இரண்டு வாரிசுச் சான்று தேவைப்பட்டது. அம்மாவுடையது ஏற்கெனவே இருந்தது, அப்பாவுடையதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கினார்கள்.

அதற்குமேல் கிளை மேலாளர் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் சான்றிதழும் வேறு வேறு. இரண்டாவதுக்கு வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், மாதக் கணக்கில் காத்திருப்பு என்று இழுக்கும், ஒரு லட்சம் ரூபாய் விவகாரத்துக்கு அது தேவையற்ற சுமை. நாமினி இல்லாத, வாரிசுகளுக்குள் சண்டை இல்லாத சிறு தொகைகளுக்கு ஈட்டுறுதிப் பத்திரம், அதாவது பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் நட்டத்தை நாங்களே ஈடுகட்டுவோம் என்ற உறுதி, வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்பதும், எத்தனை ரூபாய் வரை அப்படி என்று ஒவ்வொரு வங்கியும் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி 2005-லேயே சொன்னது.

இங்கே எடுத்த முடிவு, வாய்ச்சண்டை போடாமல் எழுத்தில் கேட்பது. “நாமினி இல்லாத இறந்தவர் கணக்குகளில் நீதிமன்றச் சான்றிதழ் இல்லாமல் தீர்க்க உங்கள் வங்கி வைத்திருக்கும் வரம்பு எவ்வளவு, இந்தத் தொகை அதற்கு மேலா கீழா என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஒரே பத்தி. தபால் பிரிவில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கினோம். எழுத்தில் பதில் வரவில்லை. மேலாளரே மகனைப் போனில் கூப்பிட்டு, ஈட்டுறுதிப் பத்திரம் போதும், படிவம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அதன்பின் சிக்கல் வங்கியில் இல்லை, வீட்டில். மூத்த மகள் கையெழுத்துப் போட மறுத்தார். வீட்டை இடித்துக் கட்டுகிற நேரத்தில் தம்பி முத்திரைத்தாளை நீட்டினால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும், அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. படிவத்தில் ‘எனது உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரியும் இருந்தது, ஒருவர் பேரில் மொத்தப் பணத்தையும் கொடுப்பதற்கான படிவம் அது. அதை விட்டுவிட்டு மூவரும் கூட்டாகக் கோருகிறோம், மூன்று சம பங்காக மூன்று கணக்கில் வரவு வைக்கவும் என்று மாற்றி எழுதினோம். இந்தத் தாள் இன்ன ரசீது எண்ணுக்கு மட்டுமே பொருந்தும், வேறெந்தச் சொத்துக்கும் பொருந்தாது என்று ஒரு வரியும் சேர்த்தோம். “அக்கா, நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க” என்று இளைய மகள் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார். மறுவாரம் கையெழுத்தாகி வந்தது.

நடுவில் ஒருவர் 20 சதவீதம் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாக வந்தார். இந்தக் கோரிக்கைக்கு வங்கி கட்டணம் எதுவும் வாங்குவதில்லை, உத்கம் தளமும் இலவசம். அனுப்பிவிட்டார்கள். வங்கிக் கணக்கு விவரமும் இறப்புச் சான்றும் கையெழுத்தும் இப்படி ஒருவர் கையில் மொத்தமாகப் போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

2024 நவம்பரில் பணம் வந்தது. முதிர்வுத் தொகை, முதிர்ந்த பிறகு வங்கியில் கிடந்த காலத்துக்குச் சேமிப்பு வட்டி, நிதிக்கு மாறிய பிறகான காலத்துக்கு 3 சதவீதத் தனிவட்டி எல்லாம் சேர்த்து 1,16,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

மூடிய கணக்கும் பிடித்த கட்டணமும்

பழைய பதிவு இல்லை என்று தனியார் வங்கி சொன்னதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வங்கிகள் பதிவேடுகளைக் காக்க வேண்டிய காலம் 1985 விதிகளின்படி சிலவற்றுக்கு ஐந்து வருடம், சிலவற்றுக்கு எட்டு. ஆனால் அது குறைந்தபட்சக் காலம். எட்டு வருடம் முடிந்ததும் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே கிளையோடு நிற்காமல், வாரிசுச் சான்றை இணைத்து, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினோம். 2012 ஆகஸ்ட் முதல் மூடிய நாள் வரையிலான ஸ்டேட்மென்ட் வேண்டும், மூடியது யார், எந்தத் தேதியில், முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் நகல் வேண்டும் என்று மூன்றே கேள்வி. ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. முன்னறிவிப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஸ்டேட்மென்ட்டைப் படிப்பதே ஒரு பாடம். 2013 மார்ச்சில் ஆரம்பித்து காலாண்டு தவறாமல் 842.70, 842.70 என்று ஒரே வரி. 750 ரூபாய் கட்டணம், அதன்மேல் அப்போதைய 12.36 சதவீத சேவை வரி. 2015 ஜூனில் அது 855 ஆகிறது, சேவை வரி 14 சதவீதமாக ஏறிய மாதம் அது. 2015 செப்டம்பரில் 418.60, ஏனென்றால் பிடிக்க அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. நடுநடுவே வங்கி கொடுத்த சேமிப்பு வட்டியையும் சேர்த்தே சுரண்டியாகிவிட்டது. 2016-இல் கணக்கு மூடல். மொத்தம் பிடித்தது 8,857.90.

இறந்துபோனவரின் கணக்கில் இருப்பு குறைகிறது என்று அபராதம் போட்டதைப் பார்த்து மகனுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அம்மா இறந்ததை அப்போது யாரும் வங்கிக்குத் தெரிவிக்கவில்லை, வங்கி அதைத்தான் முதலில் சொல்லும். அதனால் வாதத்தைக் கோபத்தின் மேல் கட்டாமல் தேதிகளின் மேல் கட்டினோம்.

செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 மே 6-இல் உத்தரவிட்டது. இந்தக் கணக்கில் வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தது 2012 ஆகஸ்ட், வட்டி வரவும் கட்டணப் பிடித்தமும் வங்கி தானாகச் செய்தவை, கணக்கில் சேரா. ஆகவே 2014 ஆகஸ்டில் இது செயல்படாத கணக்கு. 2014 செப்டம்பர் முதல் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் விதிக்கு மாறு. கூடுதலாக, 2015 ஏப்ரல் 1 முதல் எந்தச் சேமிப்புக் கணக்காக இருந்தாலும் இருப்பு குறைந்தால் முதலில் தெரிவித்து ஒரு மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும், கட்டணமும் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் இருக்க வேண்டும். இங்கே முன்னறிவிப்பும் இல்லை, பற்றாக்குறை ஏறிக்கொண்டே போனபோதும் கட்டணம் அதே 750.

அதற்கு முந்தைய ஆறு பிடித்தங்கள், 5,056.20 ரூபாய், இந்த வாதத்துக்குள் வரவில்லை. அதையும் சேர்த்தே கேட்டோம், ஆனால் தனிப் பத்தியாக. சேர்த்துக் குழப்பினால் உறுதியான பகுதியும் பலவீனமாகிவிடும்.

வங்கியின் பதில், காலாவதியான கோரிக்கை. இது லேசான பதில் அல்ல. வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கே, வங்கியிடம் முதல் புகார் காலவரையறைச் சட்டத்துக்குட்பட்ட காலத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்று 2021 ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் நிபந்தனை உண்டு. எங்கள் நிலை, இது கட்டண வழக்கு அல்ல, கேட்டதும் கொடுக்க வேண்டிய வைப்புப் பணம், தவறான பிடித்தத்தை நீக்கினால் அந்தப் பணம் இன்றும் வங்கியிடம்தான் இருக்கிறது, வங்கியில் உள்ள வாடிக்கையாளர் பணத்துக்கு 1963 காலவரையறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுரையின்படி மூன்று வருடம் கேட்ட நாளிலிருந்துதான் ஓடும். இதை அப்படியே எழுதி, வங்கியின் பதிலையும் இணைத்து, ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் குறைதீர்ப்பாளருக்குப் புகார் பதிந்தோம். இதற்கும் கட்டணம் இல்லை.

தீர்ப்பு என்று ஒன்று வருவதற்கு முன்பே வங்கி சமரசத்துக்கு வந்தது. 2014 செப்டம்பர் முதல் பிடித்த 3,801.70 ரூபாயைச் சேமிப்பு வட்டியோடு தருவதாகச் சொன்னது, வட்டி சேர்த்து 5,000-க்குச் சற்று மேல். தவறு என்று எந்த இடத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தைய 5,056.20-ஐத் தர மறுத்தது. மூவரும் பேசி ஏற்றுக்கொண்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது மகனின் எண்ணம், ஆனால் 2014 செப்டம்பருக்கு முந்தைய பிடித்தத்துக்குக் கையில் பலமான ஆதாரம் இல்லை, கால வரையறைச் சண்டையை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். என்னைக் கேட்டபோது ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். 2025 ஜனவரியில் பணம் வந்தது. காலவரையறை பற்றிய எங்கள் வாதம் சட்டப்படி நிற்குமா என்பதை யாரும் முடிவு செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இதைப் படித்துவிட்டு அது நிச்சயம் ஜெயிக்கும் என்று யாரும் நம்பிப் போய்விடக் கூடாது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

தனியார் வங்கியைத்தான் முதலில் தொடுவோம். எஃப்டிக்குக் காலக்கெடு இல்லை, இன்னும் ஒரு வருடம் கழித்துப் போனாலும் பணம் அங்கேயே இருக்கும். மூடிய கணக்கில் ஒவ்வொரு மாதமும் பதிவும் வாதமும் நமக்கு எதிராகத் தேய்கின்றன. பெரிய தொகை என்பதால் எஃப்டியின் பின்னால் ஓடியது இயல்புதான், வரிசை மட்டும் தலைகீழ்.

2013-இல் இறப்புச் சான்றின் ஒரு நகலை இரண்டு கிளையிலும் கொடுத்திருந்தால் 8,380 ரூபாய் அப்படியே இருந்திருக்கும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதை யார் நினைப்பார்கள் என்பதும் உண்மை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வீட்டில் யாராவது ஒருவர் பீரோவைத் திறந்து பாஸ்புக்குகளை எடுத்து ஒரு பட்டியல் போட்டால் போதும்.

விதிகளும் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் செயல்படாத கணக்கை மறுபடி இயக்கவும் கட்டணம் வாங்கக் கூடாது. இறந்தவர் கணக்குகளைத் தீர்ப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய நெறிமுறை வெளியிட்டது. நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை நீதிமன்றச் சான்றிதழ் இல்லாத எளிய முறை, தாள்கள் முழுதாகக் கொடுத்தபின் 15 நாளில் தீர்வு, இதை 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அதில் முக்கியம். வாரிசுகளுக்குள் தகராறு இல்லாவிட்டால், எங்கள் மேலாளர் கேட்ட நீதிமன்றச் சான்றிதழை இந்தத் தொகைக்கு இனி வங்கி கேட்க முடியாது. 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்பதால் இந்த மூவரும் தங்கள் கணக்குகளில் அதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது அப்பா பேரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டிருந்த ஒரு வைப்பின் ரசீது மூத்த மகளிடம் இருந்து வந்திருக்கிறது. அந்தச் சங்கம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது, ஆகவே உத்கம் தளத்தில் தேடிப் பயனில்லை, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரும் எடுக்க மாட்டார். சங்கச் செயலாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலைக் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளருக்கு அனுப்பியிருக்கிறோம்.